மஞ்சள் சோப்பில் சிவக்கும்

மார்ச் 4

என் அன்புக்கும் அதட்டலுக்கும் ஒருங்கே உரிய நாத்தனாருக்கு,

அண்ணி எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் மூவரும் சௌக்கியம். மூவர் என்றால் நான், உன் அண்ணன், சலவைக்கடை பாய்லர். மூவரில் பாய்லர்தான் கொஞ்சம் அதிகமாக இருமுகிறது. உன் அண்ணன் இரண்டாவது.

"கடிதமா? போனுக்கு என்ன கேடு?" என்று நீ முகவாயைத் தோளில் இடித்துக்கொள்வது இங்கிருந்தே தெரிகிறது. போனுக்கு ஒரு கேடும் இல்லை. உன் அண்ணனுடைய காதுக்குத்தான் கேடு. எந்தப் போன் வந்தாலும் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு திரைச்சீலைதான். செய்தி டைப் அடிக்கலாமே என்பாய். என் கண்ணாடிமேல் அவருக்கு நம்பிக்கை கிடையாது, எனக்கு வருகிற செய்தியை எல்லாம் அவரே உரக்கப் படித்துக் காட்டுவார். துணி வாங்க வந்து நிற்பவர்களும் கேட்டு அபிப்பிராயம் சொல்வார்கள். ஒட்டிய உறையை மட்டும் பிரிக்கமாட்டார். கண்ணியம் என்று நினைக்காதே, சோம்பல்.

முதலில் ஊர் வம்பு. போன வாரம் எதிர்மாடிக்காரர் ஒரு சட்டையை நீட்டினார். "பெயின்ட்டுங்க, கதவுக்கு அடிக்கும்போது தெறிச்சிடுச்சு" என்றார். "ஆமாங்க, கதவுன்னா தெறிக்கத்தான் செய்யும்" என்று வாங்கி வைத்தேன். அவர் தலை மறைந்ததும் பச்சைத் தண்ணீர் வாளியில் போட்டேன். பெயின்ட்டுக்கு டர்பன்டைன். ரத்தத்துக்குத்தான் பச்சைத் தண்ணீர். வெந்நீர் பட்டால் அது நூலைக் கவ்விக்கொள்ளும், அப்புறம் சாமானியத்தில் விடாது. அவரும் அவர் மச்சானும் கட்டிப் புரண்டது தெருவுக்கே தெரியும், பாவம், கதவின்மேல் பழி. எங்கள் தொழிலில் வாய் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டுவோம். பார்ப்பது துணியை.

சரி, வளவளவென்று போகிறேன் என்றால் சொல்ல வெட்கப்படுகிறேன் என்று உனக்குத் தெரியாதா?

கொஞ்ச நாளாக எனக்குக் கீழே சரியில்லை. அரிப்பு, வெள்ளைப்படுதல், கூடவே ஒரு வாடை. ஊரார் துணி நாற்றத்துக்கெல்லாம் மூக்கைச் சுளித்த மகராசிக்குக் கிடைத்த பரிசைப் பார். மாதாந்திர வம்பெல்லாம் நின்று மூன்று வருஷம் ஆகிறது. கடையைச் சாத்தின பிறகு கதவைத் தட்டுவது யார் என்றுதான் புரியவில்லை.

பெண் டாக்டர் இல்லையா என்று கேட்பாய். தெருமுனையிலேயே இருக்கிறார், அதுதான் வம்பு. வெள்ளிக்கிழமைதோறும் அவருடைய வெள்ளைக் கோட்டுகளுக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொடுப்பவள் நான். எந்தக் காலரில் பவுடர், எந்தப் பையில் மிட்டாய்க் காகிதம், எல்லாம் எனக்கு மனப்பாடம். கவுன்டருக்கு அந்தப் பக்கம் நின்று என் ஜோக்குக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற மனுஷி. அவர் முன்னால் போய் நான் பாவாடையை வழித்துக்கொண்டு படுப்பதா? அடுத்த வெள்ளிக்கிழமை எந்த முகத்தோடு கோட்டை நீட்டுவது?

நீதான் மூலிகைக்கடை மகாராணி ஆயிற்றே. கழுவுவதற்கு ஏதாவது பொடி கட்டி அனுப்பு. உன் அண்ணனிடம் மூச்சு விடாதே.

கறை படிந்த,
உன் அண்ணி


மார்ச் 12

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைக் கடையிலேயே பிரித்துப் படித்துச் சிரித்துத் தொலைத்தேன். முதலாளியம்மா தராசிலிருந்து கண்ணை எடுக்காமலே, "சிரிச்சுக்கிட்டே கட்டினா எடை தப்பும்டி" என்றார்.

இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? நம் கடைக்கு வரும் பெண்களில் பாதிப்பேர் இதற்குத்தான் வருகிறார்கள். வந்ததும் இருமலுக்குத் திப்பிலி கேட்பார்கள், தலைமுடிக்கு எண்ணெய் கேட்பார்கள், கடைசியில் வாசல்வரை போய்த் திரும்பி வந்து, "அப்புறம்... அதுக்கு ஏதாவது..." என்பார்கள். எனக்கே போன வருஷம் வந்தது. நாள் முழுக்க நின்றே வேலை, வேர்வை, நைலான் துணி. முதலாளியம்மாவின் பொடிதான் அடக்கியது.

பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். வேப்பிலையும் கடுக்காயும் கொஞ்சம் மஞ்சளும். தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவிட்டு, வடிகட்டி, ஆறவைத்து, அகலமான பேசினில் ஊற்றி உட்காருங்கள். வெளியே மட்டும்தான். உள்ளே பீய்ச்சுவது, பூண்டுப் பல்லைச் செருகுவது என்று பக்கத்து வீட்டு யோசனை எதையும் கேட்டுத் தொலைக்காதீர்கள், புண்ணாகிவிடும். பருத்தித் துணி கட்டுங்கள்.

ஒரு வாரம்தான் கணக்கு. அதற்குள் அடங்காவிட்டால் டாக்டரிடம் போகச் சொல்வது முதலாளியம்மாவின் வழக்கம். இன்னொன்றும் எல்லோரிடமும் கேட்பார், உங்களிடமும் கேட்கச் சொன்னார். ரத்தம் கித்தம் ஒன்றும் படவில்லையே? இல்லை என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

அண்ணனின் இருமலுக்குத் தனியாக ஒரு பொட்டலம் வைத்திருக்கிறேன். மாற்றிக் கொடுத்துவிடப் போகிறீர்கள், பாவம் மனுஷன்.

உங்கள் நாத்தனார்


ஏப்ரல் 3

நாத்தனார் வைத்தியரே, வாழ்க!

உன் பொடி வேலை செய்கிறது. அரிப்பு அடங்கியது, வாடை ஓடியே போயிற்று. இப்போது என் பக்கத்தில் வந்தால் வேப்பந்தோப்புக்குள் வந்த மாதிரி இருக்கிறதாம். யார் சொன்னது என்று கேட்காதே, உன் அண்ணனுக்கு மூக்கு மட்டும் கூர்மை. "என்னடி, புது சோப்பா?" என்றார். ஆமாம் என்றேன்.

பேசின் வைபவத்தை நீ பார்த்திருக்க வேண்டும். துணி ஊறவைக்கிற பெரிய பிளாஸ்டிக் பேசினில், கடை சாத்துவதற்கு முன்பே திரைக்கு இந்தப் பக்கம் நான் தவளை மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பக்கம் உன் அண்ணன், "பள்ளிக்கூடத்துத் திரைச்சீலை ரெடியா?" என்கிறார். "ஊறுது!" என்கிறேன். பொய்யில்லையே, ஏதோ ஒன்று ஊறுகிறது அல்லவா? எழுந்திருக்கும்போது பேசினும் கூடவே வந்தது. என் பின்புறத்தின் மகிமை அப்படி.

மேல்மாடி டெய்லரம்மாவுக்கும் ஒரு பிடி கொடுத்தேன். அவளுக்கு நாலே நாளில் சரியாகிவிட்டது. அதற்கப்புறம் எங்கே பார்த்தாலும் "வைத்தியரம்மா" என்று கும்பிடுகிறாள். என்னைப் பார்த்துக் கும்பிட ஒரு ஜீவன்!

உன் முதலாளியம்மாவின் கேள்விக்கு வருகிறேன். ஒரு நாள் காலை துணியில் சிவப்பாக ஒரு திட்டு இருந்தது. ஒரு விநாடி திக்கென்றது. பிறகு எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. நான் யார்? கறையோடு குடும்பம் நடத்துகிறவள். மஞ்சள் சோப்பில் பட்டால் சிவந்துபோகும். ஹோட்டல்காரர்கள் மஞ்சள் சிந்திய மேஜைவிரிப்பை அவசரத்துக்கு சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டு, "ஐயோ, கொலை விழுந்த மாதிரி ஆயிடுச்சே" என்று ஓடிவருவார்கள். நான் எலுமிச்சைச் சாறு விட்டு வெயிலில் போட்டால் இருந்த இடம் தெரியாது. உன் பொடியில் மஞ்சள் இருக்கிறது, நான் கட்டிக்கொள்வது சோப்பில் துவைத்த துணி. முடிந்தது கணக்கு. பச்சைத் தண்ணீரில் அலசிப் போட்டுவிட்டேன், போய்விட்டது. அதற்கப்புறமும் அவ்வப்போது வருகிறது, அலசிவிடுகிறேன்.

ஆகவே ரத்தம் கித்தம் ஒன்றும் இல்லை என்று உன் முதலாளியம்மாவிடம் சொல்லிவிடு. இன்னும் கொஞ்சம் பொடி அனுப்பு. விட்டால் வாடை திரும்பி வந்துவிடுகிறது.

நறுமணம் கமழும்,
உன் அண்ணி


ஏப்ரல் 14

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் எழுதியதை முதலாளியம்மாவிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கையிலிருந்த கரண்டியைப் பொடிக்குள்ளேயே விட்டுவிட்டு, "உங்கண்ணிக்கு என்ன வயசு?" என்றார். சொன்னேன். "நின்னு எத்தனை வருஷமாச்சு?" என்றார். அதையும் சொன்னேன்.

"நின்னதுக்கப்புறம் செகப்பு தெரிஞ்சா அது மஞ்சளா, மருதாணியான்னு நாம ஆராய்ச்சி பண்ணக் கூடாது. அவங்களுக்குப் பொடி கட்டாதே. டாக்டர்கிட்ட போகச் சொல்லு" என்றார்.

அண்ணி, அந்த அம்மா வியாபாரத்தில் கெட்டி. வந்த ஆளை ஒன்றும் வாங்காமல் அனுப்பி நான் பார்த்ததில்லை. அவரே வேண்டாம் என்கிறார்.

உங்கள் தெரு டாக்டர் வேண்டாம். பஸ் ஏறி வேறு ஊருக்குப் போங்கள், யாருடைய கோட்டை நீங்கள் தேய்க்கவில்லையோ அவரிடம் போங்கள். நானும் வருகிறேன், லீவு போடுகிறேன். மஞ்சள்தான் என்றால் அவரும் சிரித்துவிட்டு அனுப்பிவிடுவார். நாம் இருவரும் திரும்பும் வழியில் உங்கள் வீட்டுக்காரரின் சோம்பலைப் பற்றிப் பேசிக்கொண்டு வரலாம்.

முதலாளியம்மாவுக்குத் தெரியாமல் ஒரு பொட்டலம் கட்டி இத்துடன் அனுப்புகிறேன். இதுதான் கடைசி. இதையும் ஒரு வாரம்தான். எப்படி இருக்கிறது என்று மட்டும் உள்ளது உள்ளபடி எழுதுங்கள். உங்கள் ஜோக்கைப் பின்குறிப்பில் வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் நாத்தனார்


மே 2

என்னை மிரட்டி வைத்திருக்கும் நாத்தனாருக்கு,

உன் முதலாளியம்மாவுக்கு நமஸ்காரம். மூலிகை விற்கிறவர் டாக்டரிடம் ஆளை அனுப்புகிறார் என்றால், நாளைக்கு நானே எல்லோரையும் "வீட்டிலேயே துவைத்துக்கொள்ளுங்கள்" என்று திருப்பி அனுப்ப வேண்டியதுதான். உன் அண்ணன் கடையில் உட்கார்ந்து இருமுவதற்கு வசதியாக இருக்கும்.

சண்டை போடாமல் செய்தியைச் சொல்லுகிறேன். பொட்டலம் வந்தது. தினமும் உட்காருகிறேன். அரிப்பு இல்லை. வாடை கொஞ்சம் எட்டிப் பார்க்கிறது. முன்பு போல் ஓடவில்லை, வாசலிலேயே நிற்கிறது. இடுப்பு வலி, அது வாளி தூக்குகிறவளுக்கு வராமல் ராணிக்கா வரும்? நல்ல செய்தி ஒன்றும் உண்டு. இளைத்திருக்கிறேன். டெய்லரம்மா என் ஜாக்கெட்டைப் பிடித்துத் தைத்துக்கொண்டே, "என்ன சாப்பிடறீங்க, எனக்கும் சொல்லுங்க" என்கிறாள். "ஒண்ணும் சாப்பிடல, அதான் ரகசியம்" என்றேன். சோறு பிடிக்கவில்லை, அவ்வளவுதான். வெயில் காலத்தில் யாருக்குப் பிடிக்கிறது?

சிவப்பு வருகிறது. முன்னைவிடக் கொஞ்சம் அதிகம். இந்தத் தடவை உன் மஞ்சள் நல்ல வீரியம் போலிருக்கிறது, எங்கே வாங்குகிறார் உன் முதலாளியம்மா? நான் சோப்பை மாற்றிப் பார்க்கிறேன்.

பஸ் ஏறி வெளியூர் போவதெல்லாம் நடக்காது. பள்ளிக்கூடம் திறக்கும் நேரம், திரைச்சீலை மலை மாதிரி குவிந்திருக்கிறது. உன் அண்ணனிடம் என்ன சொல்லிவிட்டுப் போவது? பொய் சொன்னால் நம்புவார், அதுதான் கஷ்டம்.

இன்னும் ஒரே ஒரு பொட்டலம். பெரிதாகக் கட்டு.

உன் அண்ணி

பின்குறிப்பு: ஜோக் இங்கே வரவேண்டும் என்று சட்டம் போட்டாய். இன்றைக்கு ஒன்றும் அகப்படவில்லை.


மே 9

அண்ணி,

அந்தப் பொட்டலத்தில் மஞ்சள் இல்லை.

வேப்பிலையும் கடுக்காயும் மட்டும்தான் கட்டினேன். வேண்டுமென்றேதான் மஞ்சளை விட்டேன். உங்களிடம் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவீர்கள் என்று தெரியும், அதனால் சொல்லவில்லை. "சிவப்பு நின்றுவிட்டது" என்று நீங்கள் எழுதுவீர்கள் என்று நினைத்தேன். எழுதவேண்டும் என்று தினமும் வேண்டிக்கொண்டேன்.

மஞ்சளே இல்லாமல் எது சிவந்தது?

இனிப் பொடி வராது. கோபித்துக்கொள்ளுங்கள், நாத்தனார் புத்தியைக் காட்டிவிட்டாள் என்று தெருவெல்லாம் சொல்லுங்கள். நாளைக்கே போங்கள். எந்த டாக்டரானாலும் சரி. போய்விட்டு எனக்கு எழுதுங்கள். இந்த வாரத்துக்குள் கடிதம் வராவிட்டால் நான் அண்ணனுக்குப் போன் செய்வேன். அவர் ஸ்பீக்கரில் போடட்டும், தெருவே கேட்கட்டும்.

நாத்தனார்


மே 19

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதம் வரவில்லை. நேற்றுப் போன் செய்தேன், தெரிந்திருக்கும்.

அண்ணன்தான் எடுத்தார். "யாரு?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னால் உங்கள் குரல் கேட்டது. "உங்க தங்கச்சிதான், மூக்கால மூச்சு விடறது தெரியலையா?" கடையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். அண்ணன் இருமலுக்குப் பொடி தீர்ந்ததா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். வைத்ததும் என்னையே நாலு அறை அறையலாம் போலிருந்தது.

எப்படிச் சிரிக்கிறீர்கள் அண்ணி? அந்தச் சிரிப்புக்குப் பின்னால் மூச்சு வாங்கியது எனக்குக் கேட்டது. ஸ்பீக்கரில் எல்லாம்தான் கேட்கிறது.

என்னைப் பெண்பார்க்க வந்தவர்கள் முன்னால் நான் பேச்சு வராமல் நின்றபோது நீங்கள்தான் பேசிப் பேசி அந்த வீட்டாரையே சிரிக்கவைத்தீர்கள். கல்யாணம் முடிந்ததே உங்கள் வாயால்தான். இப்போது அந்த வாய்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. ஒரே ஒரு தடவை அழுதுவிடுங்கள். இல்லை என்னைத் திட்டுங்கள். ஏதாவது எழுதுங்கள்.

சனிக்கிழமைக்கு மேல் பொறுக்கமாட்டேன். புறப்பட்டு வந்துவிடுவேன்.

உங்கள் நாத்தனார்


மே 28

என் நாத்தனாருக்கு,

சனிக்கிழமை நீ வரவில்லை. உன் மாமியார் குளியலறையில் விழுந்த செய்தியைப் பிறகுதான் உன் அண்ணன் சொன்னார். கால் எப்படி இருக்கிறது? அவரைப் பார்த்துக்கொள். நான் ஓடிவிடமாட்டேன்.

உனக்கு ஒன்று சொல்லவேண்டும். பொட்டலத்தைப் பிரித்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது, மஞ்சள் இல்லை என்று. நீ யாரை ஏமாற்றப் பார்த்தாய்? வெள்ளையில் எத்தனை வெள்ளை உண்டு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவள் நான். பொடியை விரலில் எடுத்துத் தேய்த்தேன், பச்சையாகத்தான் இருந்தது. கட்டி ஓரமாக வைத்துவிட்டு, மறுபடி எடுத்துக் கொதிக்கவைத்தேன். அப்புறம் உட்கார்ந்து உன் மஞ்சள் நல்ல வீரியம் என்று உனக்கு எழுதினேன்.

அதற்கும் முன்னாலேயே தெரியும் என்றுதான் இப்போது தோன்றுகிறது. முதல்நாள் அந்தத் திட்டைப் பார்த்தபோது மனசு மஞ்சள் என்று சொன்னது. கை நேரே பச்சைத் தண்ணீர் வாளிக்குப் போயிற்று. மஞ்சளுக்கு யாராவது பச்சைத் தண்ணீர் எடுப்பார்களா? எலுமிச்சை இருந்தது, வெயில் இருந்தது. கை அவை இரண்டையும் நாடவில்லை. எதிர்மாடிக்காரர் கதவு, பெயின்ட் என்றாரே, அவர் என்னைவிட யோக்கியர். அவர் மற்றவர்களிடம்தான் பொய் சொன்னார்.

உன் கடிதம் வந்தபிறகு ஒரு துணியை அலசாமல் வெயிலில் போட்டேன். மஞ்சளாக இருந்தால் சாயங்காலத்துக்குள் வெளுத்திருக்கும். பழுப்பாகி மொடமொடவென்று கிடந்தது.

வெள்ளிக்கிழமை டாக்டரம்மாவின் கோட்டுகளை நானே எடுத்துக்கொண்டு போனேன். எப்போதும் அவரேதான் கடைக்கு வந்து வாங்கிக்கொண்டு போவார். "என்ன, இன்னைக்கு ஹோம் டெலிவரியா?" என்று சிரித்தார். "கோட்டைக் குடுத்துட்டுப் போறதுக்கு வரலை டாக்டர், கோட்டைப் போட்டுக்கிட்டு உட்காருங்க" என்றேன். அதற்கும் சிரித்தார்.

அவர் அறைத் திரைக்குப் பின்னால் படுத்திருந்தபோது எனக்கு வாய் நிற்கவில்லை. கஞ்சி சரியாக இருக்கிறதா, காலர் கழுத்தை அறுக்கவில்லையே என்று கேட்டேன். என் பேசின் கதையைச் சொன்னேன், பேசினோடு எழுந்த இடம் வரைக்கும். அந்த இடத்தில் யாராக இருந்தாலும் சிரிப்பார்கள். அவர் சிரிக்கவில்லை. விளக்கை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டார். நான் பேசுவதை நிறுத்தினேன். கை கழுவுகிற சத்தம் வெகு நேரம் கேட்டது.

"எப்போலேர்ந்து?" என்றார். சொன்னேன். "எதுக்கு இத்தனை நாள்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். துளி சதை எடுத்துப் பாட்டிலில் போட்டுப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார். விடை வர நாளாகுமாம். பொடியைப் பற்றிச் சொன்னேன். "அரிப்புக்கு வேணா அது ஆகும். வாடையைத்தான் அது மறைச்சிருக்கு" என்றார். என்ன வியாதி என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். நான் புறப்படும்போது கோட்டுகளுக்கு நன்றி சொல்ல மறந்துவிட்டார். ஒரு வெள்ளிக்கிழமைகூட அவர் மறந்ததில்லை.

உன் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். கடையில் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள், திரைக்கு இந்தப் பக்கம் கூப்பிட்டுச் சொன்னேன். காது கேட்காத மனுஷனுக்கு மெதுவாகச் சொன்னதே கேட்டுவிட்டது. வெளியே போய் இஸ்திரிப்பெட்டியின் சுவிட்சை அணைத்தார். வாடிக்கையாளர் நிற்கும்போது அது அணைந்து நான் பார்த்ததில்லை. "துணி நாளைக்கு" என்று எல்லோரையும் அனுப்பிவிட்டு, திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். பேசினைப் பார்த்தார். "இதுக்குத்தானா?" என்றார். ஆமாம் என்றேன். அதை எடுத்துக்கொண்டுபோய்ப் பின்புறம் கவிழ்த்து வைத்தார். இருமலைக்கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

நீ கேட்ட அழுகை அப்போதுதான் வந்தது. உன் கணக்கில் வரவு வைத்துக்கொள்.

இனிக் கடிதம் எழுத வேண்டாம். எழுதி, ஒட்டி, அது வந்து சேருவதற்குள் இங்கே என்னென்னவோ ஆகிவிடும். போன் செய். உன் அண்ணன் ஸ்பீக்கரில்தான் போடுவார்.

போடட்டும்.

உன் அண்ணி